என் மேல் நானே எழுதிய பிராது

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருஷமாக நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஒவ்வொரு தரமும் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே ‘முருகன் துணை’ என்று எழுதுவேன். அதோடு அன்றைய எழுத்து முடிந்துவிடும். முருகன் துணைக்கு வந்து உட்கார்ந்திருப்பார். எழுத வேண்டிய ஆள் டீ குடிக்கப் போயிருப்பான்.

பயம் என்று சொல்ல மாட்டேன், வெட்கம்தான். போன மாதம் புது நடுவர்களுக்கு நம் ஊரில் வகுப்பு வைத்தபோது, பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு நாற்காலி போட்டீர்கள். வடை சாப்பிடும்போது உங்களில் ஒரு தங்கச்சி மெதுவாகப் பக்கத்தில் வந்து, “ஐயா, தப்பா ஊதுனதுக்குச் சாமி உங்க கண்ணைக் குத்திடுச்சாமே, நெசமாங்களா?” என்று கேட்டது. எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது வாஸ்தவம். அது வயதுக்கு வந்தது. சாமி அதில் தலையிடவில்லை. கதை இந்த லட்சணத்தில் ஊரில் உலவுவதால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை. முதலில் அச்சுக்குள் வெள்ளை மண் கரைசல் ஊற்றினேன். பிறகு சூளையில் பொம்மை அடுக்கினேன். வாரம் ஆறு நாள் பிள்ளையாரையும் புத்தரையும் நெருப்பில் வைப்பேன், ஏழாம் நாள் மைதானத்தில் விசில் ஊதுவேன். ஜனங்கள் திட்டியதெல்லாம் ஏழாம் நாள்தான்.

நம் பக்கத்துக் கல்லூரிகள் வருஷா வருஷம் ஆடுகிற கால்பந்து இறுதியாட்டத்தைப் பதினோரு தடவை நடத்தியிருக்கிறேன். அந்த ஆட்டத்தின் சரித்திரத்தை நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது வலை கட்டிய இரும்புக் கம்பத்தையும் ஒரே நிற பனியனையும் பார்த்துவிட்டு இது ஏதோ ஆதியிலிருந்தே ஒழுங்காக நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

ஆரம்பத்தில் கம்பம் மூங்கில். ஒரு வருஷம் பந்து பட்டு மேல் மூங்கில் அவிழ்ந்து கோல்கீப்பர் தோளில் இறங்கியது. மீதி ஆட்டம் முழுக்க அவன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஆடினான் என்று சொல்வார்கள். பொய். பத்து நிமிஷம்தான் பிடித்தான். இன்னொரு வருஷம் ஓங்கி உதைத்த பந்து ரோட்டில் போன கரும்பு டிராக்டரின் மேல் உட்கார்ந்து பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குப் புறப்பட்டுவிட்டது. டிராக்டர்காரர் பாட்டுச் சத்தத்தில் இருந்ததால் நாங்கள் கத்தியது கேட்கவில்லை. ரெண்டு ஆட்டக்காரர்கள் பைக்கில் துரத்திப் போய்ப் பந்தோடு ஆளுக்கு ஒரு கரும்பும் கொண்டு வந்தார்கள். மற்றொரு வருஷம் சிறப்பு விருந்தினர் பேசிய பேச்சில் பொழுது இறங்கி, ஆட்டத்தை மறுநாளைக்கு மாற்றினோம். மறுநாளும் அவர் வந்தார். மறுநாளும் பேசினார்.

இதற்கெல்லாம் நடுவில்தான் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிழைப்பும் முடிவானது. இந்த இறுதியாட்டத்தைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். அந்த அணியில் பேர் வந்தால் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இருந்தால் அரசாங்க வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு ஒரு வாசல் திறக்கும். கரும்பு வெட்டப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அது சின்ன வாசல் இல்லை. விசில் ஊதுகிற நமக்கு அது சாயங்கால வேலை, அவனுக்கு அதுதான் எல்லாம். இதை நான் பதினோராவது தடவைதான் புரிந்துகொண்டேன். அந்தப் பதினோராவது தடவையைத்தான் சொல்லப் போகிறேன்.

கல்லூரிகளின் பேரைச் சொல்ல மாட்டேன். ரெண்டுக்கும் பேரப்பிள்ளைகள் போகிறார்கள். ஒன்று பச்சை பனியன், ஒன்று மஞ்சள் பனியன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் பெரிய விருந்தினர் வருகிறார் என்று காலையிலிருந்தே பரபரப்பு. கம்பத்தைப் பார்த்தால் துருப் பிடித்து அசிங்கமாக இருந்தது. வேறு ஊராக இருந்தால் பெயிண்டு வாங்குவார்கள். நம் ஊரில் வெள்ளை வேண்டும் என்றால் கம்பெனிக்கு ஆள் அனுப்புவதுதானே வழக்கம். நானே போய், வார்ப்புக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்த மண் கரைசலில் ஒரு வாளி கொண்டு வந்தேன். நானே பழைய துணியை முக்கி, ரெண்டு பக்கக் கம்பத்துக்கும் மேல் கம்பிக்கும் பூசினேன். வெயிலில் காய்ந்ததும் பளீரென்று இருந்தது. கோடு போடுவதற்கும் நம் ஊரில் சுண்ணாம்பு வாங்க மாட்டார்கள். உடைந்த பிளாஸ்டர் அச்சுகளை இடித்துப் பொடியாக்கித் தூவுவோம். ஆக, கோடு பிளாஸ்டர், கம்பம் மண். ரெண்டும் வெள்ளை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோனது இதைத்தான்.

புழுதி அடங்கட்டும் என்று டேங்கர் தண்ணீர் அடித்திருந்ததால் பந்து ஈரமாகவே உருண்டது. கடைசி ஐந்து நிமிஷம் வரை ரெண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது பச்சை அணித் தலைவன் சக்திவேல், நல்லூர்ப் பக்கத்துப் பையன், முப்பது தப்படிக்கு அப்பாலிருந்து ஒரு உதை விட்டான். பந்து மேல் கம்பியின் அடியில் மோதி, நேராகக் கீழே விழுந்து, சுழன்று வெளியே வந்தது. மஞ்சள் கோல்கீப்பர் பாய்ந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். பச்சைக் கூட்டம் கோல் என்றது. மஞ்சள் கூட்டம் இல்லை என்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பார்க்கவில்லை.

பந்து விழுந்த நேரத்தில் மஞ்சள் பனியன் முதுகு ஒன்று என் கண்ணை மறைத்தது. முதுகு அகலமான முதுகு. அதில் எட்டு என்று எழுதியிருந்தது. நான் பார்த்தது அந்த எட்டைத்தான்.

நமக்கு இதற்குத்தானே ஓரத்தில் ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் லைன்ஸ்மேன், பெண்ணாடத்துத் தம்பி ஒருவர். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் கொடியை இறக்கிப் பிடித்துக்கொண்டு நடு மைதானத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். கோல் என்றால் அப்படித்தான் ஓட வேண்டும். அவர் பார்த்திருக்கிறார், ஓடுகிறார். விசிலை ஊதி நடு வட்டத்தைக் காட்டினால் முடிந்தது.

நான் ஊதவில்லை. பந்தை வாங்கிப் பார்த்தேன். அதில் வெள்ளையாகத் தீற்றியிருந்தது. கட்டை விரலால் தேய்த்தேன். அங்கேதான் கெட்டேன். முப்பது வருஷம் வெள்ளையில் புரண்டவன் என்ற திமிர் தலைக்கு ஏறியது. பந்தில் வெள்ளை இருக்கிறது, அப்படியானால் கோட்டின் மேல் விழுந்திருக்கிறது, கோட்டின் மேல் விழுந்தால் முழுசாக உள்ளே போகவில்லை, ஆகவே கோல் இல்லை. ஒரு போலீஸ் அதிகாரி துப்பு துலக்குகிற மாதிரி மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது வேறு நன்றாக இருந்தது.

பெண்ணாடத்துத் தம்பி திரும்பி ஓடி வந்தார். “அண்ணே, நான் பாத்தண்ணே. உள்ளதாண்ணே உழுந்துச்சு.”

நான் பந்தைக் காட்டிச் சொன்னேன். “தம்பி, நீ கண்ணால பாக்குற. நான் மண்ணால பாக்குறேன்.”

சொன்னது எனக்கே பிடித்திருந்தது. பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் சிரித்ததும் இன்னும் பிடித்துப்போனது. தம்பிகளே, மைதானத்தில் உங்கள் வாயிலிருந்து நல்ல வசனம் ஒன்று வந்துவிட்டால், உடனே விசிலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு யோசியுங்கள். பெரும்பாலும் தப்பு செய்திருப்பீர்கள்.

சக்திவேல் ஓடி வந்தான். “சார், அது கம்பத்து வெள்ளை சார். பந்து மேல பட்டுதான் கீழ வந்துச்சு. காலையில நீங்கதான சார் பூசுனீங்க?”

அவன் சொன்னது அத்தனையும் சரி. ஒரு எழுத்து தப்பில்லை. எதிர்த்துப் பேசியதற்காக அவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினேன்.

பிறகு பெனால்டி உதைகளில் மஞ்சள் அணி ஜெயித்தது. சக்திவேல் தன் உதையை ஆகாயத்துக்கு அனுப்பினான். கண்ணீரோடு உதைத்தால் பந்து அங்கேதான் போகும். செல்போனில் யாராவது எடுத்திருப்பார்களே என்று கேட்பீர்கள். நாலு பேர் எடுத்தார்கள். பந்து கம்பியில் பட்டதும் நாலு பேரும் குதித்துவிட்டதால், நாலு படத்திலும் ஆகாயம்தான் நன்றாக விழுந்திருந்தது.

அன்றைக்கே ஆட்ட அறிக்கை எழுதினேன். பச்சை அணித் தலைவன் பேருக்கு எதிரே ‘நடுவரிடம் வாக்குவாதம். நடத்தை திருப்தி இல்லை’ என்று போட்டேன். ‘திருப்தி இல்லை’ என்பது எங்கள் கம்பெனியில் மூக்கு உடைந்த பொம்மைக்கு சூப்பர்வைசர் எழுதுகிற வார்த்தை. கம்பீரமாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, விளக்கேற்றுவதற்கு முன் கை கழுவினேன். கட்டை விரல் நகத்தில் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது. தண்ணீர் பட்டதும் அது வழுவழுவென்று சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பிளாஸ்டர் அப்படிப் போகாது. நறநறவென்று விரலில் உரசும். மண்தான் இப்படி வழுக்கும். நான் குழாயை மூடாமல் அப்படியே நின்றேன். கோட்டுப் பொடி பந்தில் ஒரு துளிகூட இல்லை. இருந்ததெல்லாம் என் கையால் நான் பூசிய கம்பத்து மண்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். விதி என்ன, கோடு என்ன, மண் என்ன, பிளாஸ்டர் என்ன என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அது கோலுதான?” என்றாள். நடுவரின் முடிவு மைதானத்தோடு முடிந்துவிட்டது என்று மறுபடியும் விளக்கினேன். “அது சரிங்க. கோலுதான?” என்றாள். நான் சாப்பிடாமல் படுத்தேன். அவள் சாப்பிட்டாள்.

நாலு நாள் ஒன்றும் செய்யவில்லை. இதைத்தான் முக்கியமாகக் கவனியுங்கள். தப்பாக ஊதியது ஒரு நொடி. அந்த நொடிக்கு ஆயிரம் சாக்கு உண்டு. தெரிந்த பிறகு சும்மா இருந்தது நாலு நாள். அதற்குச் சாக்கே இல்லை. காலையில் பழமலைநாதர் கோயிலைச் சுற்றுவேன், சாயங்காலம் திருநீறு பூசி உட்காருவேன், நடுவில் அந்தப் பையன் முகம் வந்தால் இன்னொரு சுற்று சுற்றுவேன். சாமி கும்பிடுவதை ஒளிந்துகொள்கிற இடமாக வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். வெளியூரிலிருந்து வந்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முருகனுக்குக் கோர்ட்டு வேலையும் உண்டு. யார் மேலாவது குறை இருந்தால் காகிதத்தில் பிராது எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் இருக்கிற வேலில் கட்டிவிடுவார்கள். எதிராளி இருக்கிற தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் படிப்பணம் கட்ட வேண்டும். சாமி போய் விசாரித்து வர வேண்டும் அல்லவா. மூன்று மாதத்தில் தீர்ப்பு. கேட்டது நடந்துவிட்டால் மறுபடி வந்து, ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். நம் பக்கத்து ஜனங்கள் வக்கீலிடம் பொய் சொன்னாலும் அங்கே சொல்ல மாட்டார்கள்.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். வேட்டி, வெறும் மார்பு, நெற்றி நிறையத் திருநீறு. ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா கையில் வெள்ளைக் காகிதத்தோடு வந்தார்.

“அண்ணே, எழுதத் தெரியுமா? கண்ணாடிய வூட்டுல வச்சிட்டு வந்துட்டேன்.”

தெரியும் என்றேன். கையெழுத்து நன்றாக இருக்குமா, சாமி படிக்க வேண்டும் என்று கேட்டார். இருக்கும் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவது வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்லூர்ப் பக்கம். மகன் காலேஜு கடைசி வருஷம். பந்தாட்டக்காரன்.

“எம்புள்ள கோலு போட்டான். ஊரே பாத்துச்சு. ஒருத்தன் மட்டும் பாக்கல. அவன் கையிலதான் விசிலு இருந்துச்சு. அப்படியே எழுதுண்ணே.”

அப்படியே எழுதினேன்.

மகன் ஏன் வரவில்லை என்று, ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன். அவனுக்கு இதெல்லாம் வெட்கமாம், வேண்டாம் என்கிறானாம். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லையாம். போலீசுக்கு எழுதிப்போட அந்தப் பல்கலைக்கழகச் சான்றிதழை நம்பியிருந்தானாம். வெள்ளிக்கிழமை லிஸ்டு போகிறதாம். நடத்தை சரியில்லை என்று அந்த ரெஃப்ரி எழுதி வைத்ததால் பேரைச் சேர்க்க மாட்டார்களாம். “தோத்தா பரவால்லண்ணே. சண்டக்காரன்னு எழுதிட்டானே. எம்புள்ள ஒரு நாயக்கூட அதட்ட மாட்டான்.”

பிறகு தண்டனைக்கு வந்தார். “அவன் கண்ணு ரெண்டும்...”

“அம்மா, ரெண்டும் வேணாம்மா,” என்றேன், அவசரமாக.

“ஏன்?”

“சாமிகிட்ட தண்டனைய நாம சொல்லக் கூடாதும்மா. குறைய மட்டுந்தான் சொல்லணும்.”

அப்படி ஒரு விதி அங்கே கிடையாது. அந்த நிமிஷம் நானே இயற்றியது. அந்த அம்மா யோசித்தார். அப்படியானால் என்னதான் எழுதுவது என்று கேட்டார். அவன் எழுதின தப்பை அவன் கையாலேயே திருத்த வேண்டும் என்று எழுதலாமா என்றேன். திருத்துவானா என்றார். சாமி சொன்னால் திருத்துவான் என்றேன். சரி, எழுது என்றார். எழுதினேன்.

கடைசியில் எதிராளி பேரும் ஊரும். பேர் தெரியாதாம். கடலூர்க்காரன் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்களாம். தம்பிகளே, என் வாழ்க்கையில் எத்தனையோ நெருக்கடியான ஆட்டத்தில் நின்றிருக்கிறேன். கல் விழுந்திருக்கிறது, செருப்பு விழுந்திருக்கிறது, ஒரு தடவை முழுசாக ஒரு பலாப்பழம் விழுந்தது. அந்த ஒரு வினாடி மாதிரி எதுவும் என்னை நெருக்கியதில்லை. கடலூர் என்று எழுதிவிட்டால் தப்பித்தேன். யாருக்கும் தெரியாது. ஆனால் எதிராளி இங்கே சந்நிதியிலேயே உட்கார்ந்து பேனா பிடித்துக்கொண்டிருக்க, சாமியைப் பஸ் ஏற்றிக் கடலூருக்கு அலைய விடுவதா? நாலு நாள் சுற்றிய சுற்றெல்லாம் எதற்கு?

“அந்தாளு கடலூரு இல்லம்மா. இந்த ஊருதான்.”

“ஒனக்குத் தெரியுமா அவன?”

“தெரியும்.”

“எப்படியாப்பட்ட ஆளு?”

“கோயிலுக்கெல்லாம் போவான்மா.”

“போனா?” என்றார் அந்த அம்மா.

பேனாவை எடுத்து என் பேரை எழுதினேன். தெருவை எழுதினேன். கம்பெனிக்குப் பின்பக்கம் என்று அடையாளமும் எழுதினேன். படிக்கச் சொன்னார். படித்தேன். இது யார் பேர் என்று கேட்டார்.

“எம் பேரும்மா.”

எழுந்துவிடுவார், அறைவார், கூட்டம் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. என் நெற்றியையும் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சிலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார் என்று சொன்னால் பெருமை ஆகிவிடும். வாழைக்காய் வாங்கும்போது பார்ப்பார்களே, அப்படி.

“நிறுத்தாத. தேதியப் போடு. முழுசா எழுதிக் குடுத்துட்டு எந்திரி.”

‘அண்ணே’ என்று கூப்பிட்டது அதோடு போய்விட்டது. எழுதிக் கொடுத்தேன். தன் பேரை மட்டும் அவரே எழுதினார், காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி. எதிராளி எவ்வளவு தூரம் என்று படிப்பணம் வாங்குகிறவர் கேட்டபோது, என் பக்கம் கையைக் காட்டி, “இந்தா நிக்கிறான், அவங்கிட்டயே கேளுங்க,” என்றார். மூன்று கிலோமீட்டர் என்று சொன்னேன். திருநீறு கட்டிய பொட்டலத்தோடு போய் வேலில் கட்டினார். கரும்புக் கட்டுக்குப் போடுகிற முடிச்சு. மூன்று சுற்று. அவர் கட்டி முடிக்கும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன்.

மறுநாள் காலை போட்டிச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். விளையாட்டுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“ரெஃப்ரி முடிவு முடிவுதான்யா. மஞ்சக்காரங்க கோப்பையில பாயசம் ஊத்திக் குடிச்சிட்டாங்க. இனிமே திருப்பி வாங்க முடியுமா?”

கோப்பை வேண்டாம் என்றேன். அந்தப் பையன் பேருக்கு எதிரே நான் எழுதியதை அடித்துக் கொடுத்தால் போதும் என்றேன். அடித்தால் ஏன் என்று கேட்பார்களே என்றார். எழுதிக்கொண்டு வந்திருந்த காகிதத்தைக் கொடுத்தேன். அது கோல். லைன்ஸ்மேன் சரியாகக் காட்டினார். நான் பார்க்காததைப் பார்த்ததாக முடிவு செய்தேன். பையன் சொன்னது உண்மை, அவன் நடத்தையில் குறை இல்லை, குறை என்னுடையது. இவ்வளவுதான். திருப்தி என்ற வார்த்தையைத் தொடவே இல்லை.

அவர் இட்லியைத் தள்ளி வைத்துவிட்டு ரெண்டு தடவை படித்தார். “இது மேல போனா ஒனக்கு இனிமே ஃபைனலு கெடையாதுய்யா. தெரியுமில்ல?”

தெரியும் என்றேன். வீரமாகச் சொன்னேன் என்று யாராவது கதை விட்டால் நம்பாதீர்கள். யாரும் படிக்காமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்ப ஏதாவது வழி உண்டா என்றுகூடக் கேட்டேன். இல்லை என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

அவர் சொன்னபடியே ஆனது. ஒரு வருஷம் விசில் கிடையாது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆட்டம்தான். அடுத்த வருஷத்திலிருந்து இறுதியாட்டத்தைப் பெண்ணாடத்துத் தம்பி நடத்துகிறார், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கிரீஸ் கையோடு நின்று கேட்டுக்கொண்டார். “நீங்க மண்ணுன்னு சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணே. பாத்தவன் நானு. நான் இன்னும் ரெண்டு வார்த்த பேசியிருக்கணும்,” என்றார். அவருக்கு என்னைவிட நல்ல நடுவர் ஆகிற யோக்கியதை அன்றைக்கே இருந்தது. ஆகவே ஓரத்தில் கொடி பிடிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: பெரிய ஆள் வசனம் பேசினால் வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

என் காகிதத்தைப் படித்துவிட்டு சக்திவேலைத் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அணியில் பேரும் வந்தது, மாற்று ஆளாக. வெளியூர் போய் எல்லா ஆட்டத்திலும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பந்தைத் தொடாமலே திரும்பி வந்தான். சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வைத்துப் போலீஸ் தேர்வுக்குப் போனான். கயிறு ஏறுவதில் தோற்றான். இப்போது நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறான், சேத்தியாத்தோப்பு வரைக்கும் போய் வருகிறான். ஊர்க் கதையில் அவன் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டான். இல்லை. அவன் என்னோடு இன்னும் பேசுவதில்லை. எதிரே வந்தால் தலையை அசைப்பான். அதுவும் எப்போதாவது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அவன் பேர் லிஸ்டில் வந்த மறுவாரம் அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வீட்டுக்காரி உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை. தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கண்ணாடி போட்டிருந்தார். அவரே எழுதியிருக்கலாம்.

“ராஜினாமா எழுதணும். பிராது எழுதுனது நீதான. இதையும் நீயே எழுது.”

கேட்டுக்கு வெளியே மதில் மேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தேன். கொளஞ்சியப்பருக்கு வணக்கம், இன்னார் மேல் கட்டிய பிராதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டு, காரணம் எழுத வேண்டிய இடத்தில் நின்றேன். தலையைத் தூக்காமலே கேட்டேன். “என்னான்னும்மா எழுதட்டும்? மன்னிச்சிட்டேன்னு எழுதட்டுமா?”

“அப்படி எழுதாத. கேட்டது கெடச்சுதுன்னு எழுது.”

எழுதினேன். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரியிடம் மட்டும் “போயிட்டு வரேம்மா,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இதை உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்வதற்குத்தான் எழுதினேன். ஆனால் டீக்கடையில் சொல்லும்போது அந்த அம்மா கடைசியில் என்னை மன்னித்ததாகவும், என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதாகவும் சேர்க்கத் தோன்றும். கேட்கிறவர்களுக்கும் அது பிடிக்கும். சேர்க்காதீர்கள். பந்து எங்கே விழுந்ததோ அங்கே விழுந்ததாகவே சொல்லுங்கள். அந்த அம்மா தண்ணீர் மட்டும்தான் குடித்தார்.